கண் விட்டதை மூளை சொல்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த, நாம் காண்பதெல்லாம் மூளை கட்டிய கற்பனை என்கிற கட்டுரையைப் படித்தேன். கண் மருத்துவமனையில் போர்டு படிக்கச் சொல்லி பவர் பார்க்கிற வேலை என்னுடையது. எங்கள் காத்திருப்பு அறையில் கிடந்த உங்கள் பத்திரிகையை நான்கைந்து பேர் கை மாற்றிப் படித்துவிட்டு, "அப்போ பார்க்கிறது எதையும் நம்பக் கூடாதா சார்?" என்று என்னிடமே வந்து கேட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையின் முதல் பாதி சரி. கண் உலகத்தை அப்படியே படம் பிடித்துக் காட்டுவதில்லை. ஆனால் அங்கிருந்து ஒரே தாவாக 'ஆகவே எல்லாம் மாயை' என்று முடித்திருப்பது தவறு, என் அனுபவத்தில் ஆபத்தும் கூட. கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. கண்ணுக்கு ஒன்று தெரியாமல் போனால், தெரியாமல் போனது என்ற தகவலும் சேர்ந்தே போய்விடுகிறது. பார்ப்பவருக்குக் காட்சி எப்போதும் முழுசாகத்தான் இருக்கும். கட்டுரை தொடாமல் விட்டது இதைத்தான்.

முதலில் அந்தச் சரியான பாதி. ஒரு கண்ணில் மட்டும் புரை ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டு அவிழ்த்த பெரியவர் ஒருவர், தான் கட்டியிருந்த வேட்டியை ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் ஆன கண்ணில் வேட்டி நீலம் பாரித்துத் தெரிகிறது. சொட்டு நீலத்தை அள்ளிக் கொட்டிவிட்டாள் என்று மருமகள் மேல் கோபம். ஆபரேஷன் ஆகாத கண்ணில் அதே வேட்டி பழுப்பு மஞ்சள். வேடிக்கை என்னவென்றால், முந்தின நாள் வரைக்கும் அந்தப் பழைய கண்ணுக்கு அது நல்ல வெள்ளை வேட்டிதான், மஞ்சளாக இருக்கிறது என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை.

நடப்பது இதுதான். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது, புரை முற்றினால் பழுப்பாகிறது. மஞ்சள் லென்ஸ் நீல ஒளியை வடிகட்டிவிடும். ஆனால் இது பல வருஷமாக மெல்ல மெல்ல நடப்பதால் மூளை தன் கணக்கைத் திருத்திக்கொண்டே வருகிறது, வெள்ளை வெள்ளையாகவே தொடர்கிறது. புது லென்ஸ் வைத்ததும் நீல ஒளி திடீரென்று உள்ளே புகுகிறது, கணக்கு மட்டும் பழையது, அதனால் பார்க்கிற எல்லாவற்றிலும் நீலம். சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், மூளை மறுபடி சரிசெய்துகொள்ளும். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1923-ல் புரை ஆபரேஷன் நடந்தது. வண்ணத்திலேயே வாழ்ந்த மனிதர், அவரும் நீலமாகத் தெரிகிறது, மஞ்சளாகத் தெரிகிறது என்று புலம்பியிருக்கிறார். கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் வசதி வருவதற்கு முன், புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பிய காலத்தில், சிலருக்குப் புற ஊதா ஒளியில் ஒரு பகுதிகூட வெளிறிய நீலமாகத் தெரிந்தது, ஏனென்றால் அதை உள்ளே விடாமல் தடுப்பதே நம் லென்ஸ்தான். தேனீக்கு அந்த ஒளி இயல்பாகவே தெரியும், நமக்குத் தெரிகிற சிவப்பு அதற்குத் தெரியாது.

சரி, வேட்டியின் உண்மையான நிறம் எது? எந்த அலைநீள ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்கிற தன்மை வேட்டியில் இருக்கிறது, அதைக் கருவி வைத்து அளக்கலாம், அது யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மாறாது. 'வெள்ளை' என்பது அந்தத் தன்மையும் நம் கண்ணும் மூளையும் சேர்ந்து முடிவு செய்வது. அந்த அளவில் கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தாளின் இடது ஓரத்தில் பெருக்கல் குறி ஒன்று போடுங்கள். அதே மட்டத்தில் வலது பக்கம் 8 செ.மீ. தள்ளி மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தபடி, தாளை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முகத்திலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போய்விடும். விழித்திரையில் உள்ள சுமார் 10 கோடி ஒளி உணர் செல்களின் தகவலை மூளைக்குக் கொண்டுபோகிற பத்து, பன்னிரண்டு லட்சம் நரம்பு இழைகள் கட்டாகச் சேர்ந்து கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது, அங்கே ஒளியை உணர ஒரு செல்கூடக் கிடையாது. 1660-களில் மாரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டுபிடித்தார். சின்ன ஓட்டை என்று நினைக்க வேண்டாம், வானத்தில் பத்து முழுநிலாவை வரிசையாக வைத்தாலும் அதற்குள் மறைந்துவிடும். மனித குலம் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கண்ணிலும் இருந்திருக்கிறது, மாரியோட் சொல்லும் வரை ஒருவரும் கவனிக்கவில்லை.

புள்ளி மறைந்த இடத்தில் என்ன தெரிந்தது என்று கவனித்துப் பாருங்கள். கறுப்பாக எதுவும் தெரியாது. வெள்ளைத் தாள்தான் தெரியும். கோடு போட்ட நோட்டில் செய்தால் கோடு அறுபடாமல் தொடர்ந்து ஓடும். பொத்தல் விழுந்த ஜமக்காளத்தைச் சுற்றியுள்ள நூலின் நிறத்திலேயே இழையோட்டிவிடுவது போல, அக்கம்பக்கத்தில் இருப்பதை வைத்து மூளை அடைத்துவிடுகிறது. அடைத்தேன் என்று நமக்குச் சொல்வதில்லை.

இது வெறும் விளையாட்டாக நின்றிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இதே இழையோட்டம்தான் கண் அழுத்த நோய் வந்தவர்களுக்குப் பார்வை போவதே தெரியாமல் மறைத்துவிடுகிறது.

கிளாக்கோமா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான், ஊரில் 'கண்ணில் பிரஷர்' என்பார்கள். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற அந்த நரம்புக் கட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். பெரும்பாலும் வலி இருக்காது, சிவப்பு இருக்காது. நேர்ப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும், பக்கப் பார்வைதான் முதலில் போகும். ஒரு கண்ணில் போனதை இன்னொரு கண் ஈடுகட்டும், இரண்டிலும் போன இடத்தை மூளை அடைத்துக்கொள்ளும். எங்களிடம் வந்த ஒரு டிராக்டர் ஓட்டுநர் போர்டின் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார், 6/6, அதாவது குறையில்லாத நேர்ப்பார்வை. "எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, மகன்தான் இழுத்துட்டு வந்தான்" என்றார். மகன் சொன்னது வேறு கதை. பக்கத்தில் வருகிற சைக்கிளை இடிக்கிறார், வாசல்படியில் கால் தட்டுகிறது, சாப்பிடும்போது இலைக்குப் பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுகிறார். டாக்டர் பார்த்துவிட்டு, பக்கப் பார்வையை அளக்கிற ஃபீல்டு டெஸ்டுக்கு எழுதினார்.

ஃபீல்டு டெஸ்ட் மெஷின் உள்ளே வெள்ளையாக, அரைக்கோள வடிவில் இருக்கும். ஒரு கண்ணை மூடிவிட்டு, தாடையைத் தாங்கியில் வைத்து, நடுவில் உள்ள விளக்கை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளி வந்து மறையும், தெரியும்போதெல்லாம் கையில் உள்ள பட்டனை அமுக்க வேண்டும். அந்த அறையில் இரண்டு சத்தம்தான் கேட்கும், மெஷினின் மெல்லிய சத்தமும் பட்டன் சத்தமும். அவர் விஷயத்தில் பட்டன் சத்தம் ரொம்ப நேரம் வரவே இல்லை. மெஷின் தன் பாட்டுக்குப் புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையைத் திருப்பாமலே, "தம்பி, மெஷின் ரிப்பேரா? லைட்டே வரலையே" என்றார். பிரிண்ட் எடுத்தால் நடுவில் ஒரு சிறு வட்டம் தவிர மீதியெல்லாம் கறுப்பு. தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் தெரியலையா எனக்கு? நான் முழுசாத்தானே பார்க்கிறேன்" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு முழுசாகத்தான் தெரிந்தது.

விழிப்புணர்வு போஸ்டர்களில் இந்த நோய்க்கு, நடுவில் வெளிச்சமும் சுற்றிலும் கறுப்பு வளையமுமாகக் குகை வழியே பார்ப்பது போல ஒரு படம் போடுவார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். என்னிடம் வந்த ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை. 2013-ல் லண்டன் ஆய்வாளர்கள் நோயாளிகளிடமே பல படங்களைக் காட்டி உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டபோது, அந்தக் கறுப்பு வளையப் படத்தை ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. சில இடம் மங்கல், சில இடத்தில் பொருளே இல்லை, அவ்வளவுதான். போஸ்டரைப் பார்த்து 'எனக்குக் கறுப்பாகத் தெரியவில்லை, ஆகவே எனக்கு இல்லை' என்று போகிறவர்களை என்ன செய்வது? இந்தியாவில் இந்த நோய் உள்ளவர்கள் 1 கோடிக்கு மேல் என்பது மதிப்பீடு. தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய் நடத்திய ஆய்வுகளில், நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தாலும் ஆபரேஷனாலும் மீதியைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான் மருத்துவத்தால் முடியும்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு, இதை வீடுகளில் யாரும் பேசுவதில்லை. பார்வை வெகுவாகக் குறைந்துபோன முதியவர்கள் சிலருக்கு, எதிரே இல்லாத ஆட்கள், குழந்தைகள், பூ வேலை செய்த சுவர், சின்னச் சின்ன உருவங்கள் எல்லாம் தெளிவாகத் தெரியும். சத்தம் கேட்காது, உருவம் மட்டும்தான். 1760-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் போனே என்பவர், 90 வயதை நெருங்கிக்கொண்டிருந்த தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதிவைத்தார், அவர் பெயரிலேயே இது இன்றும் அழைக்கப்படுகிறது. அந்தத் தாத்தாவுக்குப் புத்தி நன்றாக இருந்தது, கண்ணில்தான் புரை. கண்ணிலிருந்து வர வேண்டிய தகவல் நின்றுபோனால் மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படம் போட ஆரம்பிக்கிறது. நம் ஊரில் இது எப்படி முடிகிறது தெரியுமா? முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுது என்று அம்மாச்சி ஒரு நாள் சொல்வார், வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், பேய் என்று கோடாங்கியிடம் போவார்கள், இல்லாவிட்டால் கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். அதன் பிறகு அவர் எதைச் சொன்னாலும் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அவரும் பயந்து வாயை மூடிக்கொள்வார். உண்மையில் அது மனநோய் அல்ல. நல்ல டாக்டர் ஒருவர் வேறு காரணம் ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு, "இது கண் குறைவதால் வருவது, பயப்படாதீர்கள்" என்று சொன்னாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

இவ்வளவையும் நானே சொல்லிவிட்டு மாயை என்பதை ஏன் மறுக்கிறேன்? அந்த டிராக்டர்காரர் தட்டிவிட்ட டம்ளர் நிஜமான டம்ளர். அவருடைய காட்சியில் அது இல்லை, இலைக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதால்தான் ஃபீல்டு டெஸ்ட் என்று ஒன்று வைக்க முடிகிறது. எல்லாமே கற்பனை என்றால் அவருடைய முழுக் காட்சியும் மெஷின் கொடுத்த கறுப்புத் தாளும் ஒரே தரம், எதை வேண்டுமானாலும் நம்பலாம் என்றாகிவிடும். பரிணாமம் நம் கண்ணை உண்மையைக் காட்ட வளர்க்கவில்லை, பிழைக்க வைக்கத்தான் வளர்த்தது என்று கட்டுரை சொல்கிறது. பிழைக்க வேண்டுமென்றால் சைக்கிள் எந்தப் பக்கம் வருகிறது என்று சரியாகத் தெரிய வேண்டுமே. நிறத்தில் எப்படியோ, தூரத்திலும் திசையிலும் அசைவிலும் கண் பெரும்பாலும் நாணயமாகத்தான் நடந்துகொள்கிறது, இல்லாவிட்டால் ரோட்டைக் கடந்து வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது.

கண் தவறினாலும் அதைச் சரிபார்க்க வழி உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். 1688-ல் அயர்லாந்துக்காரரான மாலினோ, தத்துவஞானி லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: பிறவியிலேயே பார்வையில்லாமல், உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டே பழகியவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்ல முடியுமா? முந்நூறு வருஷத்துக்கு மேல் வாதம் ஓடியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா, வட இந்தியக் கிராமங்களில் பிறவிப் புரையோடு சிகிச்சை கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்யும் பிரகாஷ் திட்டத்தைத் தொடங்கினார். 2011-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், 8 முதல் 17 வயதுக்குள் பார்வை பெற்ற ஐந்து பேருக்கு, கையால் தடவிய பொம்மைக் கட்டையைக் கண்ணால் அடையாளம் காட்டச் சொன்னபோது ஏறக்குறைய குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடிந்தது. ஆக, மாலினோவின் கேள்விக்குப் பதில், முடியாது. ஆனால் மறுபடி சோதித்தவர்கள் சில நாட்களிலேயே, யாரும் பாடம் நடத்தாமல், நன்றாகச் சொன்னார்கள். கையும் கண்ணும் தனித்தனியாக அறிந்தது ஒரே கட்டையைத்தான், அதனால்தான் இரண்டும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போயின. கற்பனையாக இருந்தால் எதோடு எது ஒத்துப்போகும்?

இதே திட்டத்தில் பார்வை பெற்ற பிள்ளைகளிடம் இன்னொரு சோதனையும் நடந்தது. தண்டவாளம் போல மேலே போகப் போகக் குறுகுகிற இரண்டு கோடுகளுக்கு நடுவே சம நீளத்தில் இரண்டு குச்சிகள் வரைந்தால், மேலே உள்ளது நீளமாகத் தெரியும். பார்த்துப் பார்த்துப் பழகியதால் வரும் ஏமாற்று இது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். கட்டு அவிழ்த்த கையோடு அந்தப் பிள்ளைகளிடம் காட்டினால் அவர்களும் ஏமாந்தார்கள், 2015-ல் இது வெளியானது. அதாவது இந்தத் தவறு பழக்கத்தில் வந்தது அல்ல, பார்வை வேலை செய்கிற முறையிலேயே இருக்கிறது. ஆனாலும் ஸ்கேல் வைத்தால் இரண்டு குச்சியும் சமம் என்று தெரிந்துவிடுகிறது. 'ஸ்கேலையும் கண்ணால்தானே பார்க்கிறீர்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், ஆனால் நீளத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வது ஒன்று, குச்சியின் நுனி எந்தக் கோட்டில் முட்டுகிறது என்று பார்ப்பது வேறொன்று, முதலாவதில் தடுமாறும் கண் இரண்டாவதில் தடுமாறுவதில்லை. கண்ணின் பலவீனத்தைக் கண்ணின் பலத்தை வைத்தே பிடித்துவிடலாம். பத்தாததற்கு நம் கை இருக்கிறது, பக்கத்து ஆள் இருக்கிறார், கருவி இருக்கிறது.

வேதியியல் அறிஞர் ஜான் டால்டன் தனக்குச் சிவப்பு சரியாகத் தெரியவில்லை என்று 1794-ல் ஒரு கட்டுரை வாசித்தார், தன் கண்ணுக்குள் உள்ள திரவம் நீலமாக இருப்பதால்தான் என்று நம்பினார், செத்த பிறகு என் கண்ணை வெட்டிப் பாருங்கள் என்றும் சொல்லிவைத்தார். 1844-ல் அவர் இறந்ததும் வெட்டிப் பார்த்தார்கள், நீலம் எதுவும் இல்லை. பத்திரமாக வைத்திருந்த கண்ணிலிருந்து 1995-ல் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது, பச்சை ஒளிக்கான நிறமியின் மரபணு அவருக்கு இல்லை என்று தெரிந்தது. ஒரு மனிதர் தன் பார்வையின் குறையை அறிய வாழ்நாளுக்குப் பிறகும் விடவில்லை. எல்லாம் மாயை என்று அவர் விட்டிருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது. நம் நாட்டில் 2020-ல்தான் லேசான, நடுத்தர அளவு நிறக் குறைபாடு உள்ளவர்களுக்கு டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கலாம் என்று விதியைத் திருத்தினார்கள். அதற்கும் யாரோ உட்கார்ந்து அளந்து பார்க்க வேண்டியிருந்தது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. மார்ச் இரண்டாம் வாரம் உலகம் முழுக்க கிளாக்கோமா வாரமாக நடக்கிறது. அந்த ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். 40 வயது தாண்டியவர்கள், அப்பா அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இந்த நோய் உள்ளவர்கள், மைனஸ் பவர் அதிகமாக உள்ளவர்கள், கண் அரிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் தானாக ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் ஊற்றுகிறவர்கள், இவர்கள் அத்தனை பேரும் எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும் ஒரு முறை கண் நரம்பைக் காட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். பிரஷர் நார்மலாக இருந்தும் இந்த நோய் வரும், ஆகவே பிரஷர் மட்டும் பார்த்தால் போதாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தயவு செய்து அந்தக் கறுப்பு வளையப் படத்தைப் போட வேண்டாம். அதற்குப் பதிலாக, சைக்கிள் வரும் ஒரு தெருவின் படத்தையும், அதே தெருவைச் சைக்கிள் மட்டும் இல்லாமல், வேறெந்தக் குறையும் தெரியாதபடி இன்னொரு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். விவரங்கள் வேண்டுமானால் எழுதித் தர நான் தயார், டாக்டர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்தே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கண் மருத்துவமனை ஊழியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.